மகாராஜாவின் ஜீப்புக்குப் பெரிய சக்கரம்

வெண்மணற்கோட்டை சமஸ்தானம் எங்கே இருந்தது என்று வரைபடத்தைப் பிரித்துவிடாதீர்கள், கிடைக்காது. அதன் ராஜா வீரவிசயரிடம் ஒரு ஜீப் இருந்தது என்பதை மட்டும் நம்புங்கள். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப். பின்னால் சின்னச் சிம்மாசனம் ஒன்றைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ராஜா அதில் ஏறி உட்கார்ந்தால் இறங்க மனசே வராது.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. பக்கத்து நாட்டு ராஜா காளத்தியாரும் அதே ஜீப்பை வாங்கிவிட்டார், சிம்மாசனம் உட்பட! வெள்ளிக்கிழமை எல்லைத் திருவிழாவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் ஊர்வலம் போக வேண்டும்.

"இரண்டு பேரும் ஒரே உயரமா? நல்லாவா இருக்கும்?" என்று ராஜா கவலைப்பட்டார்.

"சக்கரத்தைப் பெரிசாக்கிட்டாப் போச்சு, மகாராஜா! டிராக்டர் சக்கரம் போடச் சொல்லுங்க. காளத்தியார் தலை உங்க முழங்காலுக்கு நிக்கும்" என்றார் தளவாய் முத்துவீரப்பர்.

தளவாய்க்கு ராஜாவின் உயரத்தைப் பற்றி என்ன அக்கறை? வாகனசாலைப் பொறுப்பு தன் மருமகனிடமிருந்து தாண்டவராயர் கைக்குப் போன நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல். தாண்டவராயர் ஸ்பானரும் பிடிப்பார், ராஜாவைச் சிரிக்கவும் வைப்பார். அதுதான் பொறுக்கவில்லை.

"தாண்டவராயரே! வெள்ளிக்கிழமைக்குள் டிராக்டர் சக்கரம் ஏறணும். இல்லைன்னா நீர் நாட்டை விட்டே கிளம்பணும்" என்று ராஜா உத்தரவு போட்டார்.

தாண்டவராயர் வசமாக மாட்டிக்கொண்டார். ஏனென்றால் போன வருஷம்தான் இதே ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். வீதியில் ஓடும் எந்த வண்டிக்கும் கம்பெனி கொடுத்த சக்கரத்தைவிட இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமான சக்கரம் போடக்கூடாது. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக்கூடாது. மீறி மாட்டியவனுக்கு ஆறு மாதம் சிறை. பெருமைக்காக, 'அரண்மனை வண்டிகள் உட்பட' என்று தன் கையாலேயே எழுதியும் வைத்திருந்தார்.

மாட்டினால் சிறை, மாட்டாவிட்டால் நாடு கடத்தல். தளவாய் அப்போதே ஓர் அளவுகோலைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. ஜீப்புக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தி, நாற்பத்தெட்டு அங்குல டிராக்டர் சக்கரங்களை மாட்டி, அரண்மனை முற்றத்தில் நிறுத்தியிருந்தார் தாண்டவராயர். முற்றம் வீதியில்லையே! ராஜா ஏணி வைத்து ஏறினார். ஏறியதும் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார்.

"ஓட்டும்! ஓட்டும்!"

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்த வம்சத்து ராஜா சாமியைத் தவிர யாருக்கும் தலை குனியக்கூடாது. தப்பித் தவறிக் குனிந்துவிட்டால், எதிரே நிற்பவருக்கு ஓர் ஊரை மானியமாகக் கொடுத்துவிட வேண்டும். ஏழு தலைமுறை வழக்கம்.

கோட்டையை விட்டு வெளியே வர மூன்று கல் வளைவுகளுக்கு அடியில் போக வேண்டும். பழைய சக்கரத்தில் போனால் ராஜாவின் தலைப்பாகைக்கும் வளைவுக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கும். இன்றைக்கோ முதல் வளைவின் கல் நேராக நெற்றிக்கு வந்தது. சட்டென்று குனிந்தார். எதிரே மாலையோடு பூக்காரி செங்கமலம்.

அவள் வாயைப் பிளந்தாள். பிறகு கேட்டாள், "எனக்கு எந்த ஊர், மகாராஜா?"

ராஜா பதில் சொல்வதற்குள் இரண்டாவது வளைவு. மறுபடி குனிந்தார். எதிரே யானைப்பாகன் இருளப்பன்.

"எனக்கும் ஊரா சாமி? ஆத்தங்கரைப் பக்கமாக் குடுங்க, யானை குளிக்கத் தோதா இருக்கும்!"

மூன்றாவது வளைவுதான் கோட்டை வாசல். வெளியே அளவுகோலோடு தளவாய். அவருக்குப் பக்கத்தில், தன் ஜீப்பில், புன்னகையோடு காளத்தியார்! வாசலுக்கே வந்து அழைத்துப் போகும்படி அவருக்கு முந்தின நாளே ஓலை அனுப்பியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்; ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த தாண்டவராயரைக் கேளுங்கள்.

"நிறுத்தும்!" என்று ராஜா அலறினார். "அந்த ஆளுக்கா குனியறது? மானமும் போகும், ஊரும் போகும்! பின்னால எடும்!"

"பின்னால பாருங்க, மகாராஜா."

ராஜா திரும்பிப் பார்த்தார். அதற்குள் சேதி பரவிவிட்டது. சமையல்காரர்கள் கரண்டியோடும், பாதி சவரம் ஆன காவல்காரன் சோப்பு நுரையோடும் இரண்டாவது வளைவுக்கடியில் இடம் பிடிக்கத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ, நாடே காலியாயிடும்! ஏதாவது பண்ணும், தாண்டவராயரே!"

"இங்கேயே சக்கரத்தை மாத்திடலாம்."

சுவரோரம் சாக்கை விலக்கினார். நாலு புதுச் சக்கரங்கள். வண்டியோடு வந்தவை இருபத்தெட்டு அங்குலம், இவை சரியாக முப்பது. சேற்றைப் பிடிக்கும் முரட்டுப் பட்டை, ஜீப்பின் பாரத்தைத் தாங்கும் டயர், மட்கார்டுக்குள் அடங்கும் அகலம். கட்டைகளை உருவி, ஜாக்கியால் இறக்கி, மாட்டி முடிக்கும் வரை ராஜா சிம்மாசனத்திலேயே முறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

ஜீப் வாசலைத் தாண்டியது. ராஜாவின் தலை நிமிர்ந்தே இருந்தது. தளவாய் பாய்ந்து வந்து அளந்தார். முப்பது. மறுபடி அளந்தார். முப்பதேதான். மட்கார்டில் கோலை நிறுத்திப் பார்த்தார், டயர் அதைத் தொடவில்லை. அளவுகோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

"எவ்வளவு உயர்ந்திருக்கேன்?" என்று ராஜா கிசுகிசுத்தார்.

"சக்கரம் இரண்டு அங்குலம் வளர்ந்தா வண்டி ஒரு அங்குலம் உயரும், மகாராஜா."

"ஒண்ணே ஒண்ணா?"

"காளத்தியாரைவிட ஒண்ணு."

ராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இரண்டு ஊர் போனாலும் மானம் நின்னுது. என்ன பரிசு வேணும், கேளும்!"

தாண்டவராயர் இறங்கி, சிம்மாசனத்துக்கு எதிரே வந்து நின்றார். "அந்த டிராக்டர் சக்கரங்களைக் கொடுத்தாப் போதும், மகாராஜா."

"அதை வைச்சு என்ன செய்வீர்?"

"வருஷத்துக்கு ஒரு தரம் உங்க ஜீப்புக்கு மாட்டுவேன். தளவாய் ஓட்டட்டும். நான் முதல் வளைவுக்கு எதிரே நின்னுக்கறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. தலைப்பாகை குலுங்க, கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் முகம் இடிக்கும் வரை குனிந்து குனிந்து சிரித்தார்.

திடீரென்று வாசலில் ஒரு சத்தமும் இல்லை. ராஜாவும் சிரிப்பை நிறுத்தி, குனிந்த நிலையிலேயே மெல்லக் கண்ணை மட்டும் உயர்த்தினார்.

தாண்டவராயர் பணிவாகக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு எந்த ஊர், மகாராஜா?"