எலும்புக்குள் இருந்தது

ஆவுடைநாயகம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் குற்றாலத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் பிச்சம்மை நடத்திய மடத்தில் வந்து சேர்ந்தார். குரு அவரைவிட வயதில் சின்னவள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம். காலைக் கஞ்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தது மறுநாள்தான்.

ஆவுடைநாயகத்தின் தம்பி செண்பகராமனுக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணனின் எலும்பு மஜ்ஜை பொருந்தும் என்று டாக்டர்கள் சொல்லியாகிவிட்டது. இவர் போய்ப் படுத்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள். போகவில்லை. அப்பா செத்தபோது மூத்தவர் வந்து சேருமுன் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. வெளியே சொல்லத்தான் கூச்சம். அதனால் தினமும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெளிவு கிடைத்ததும் வருகிறேன் என்று தம்பி மனைவி கோமதிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கு உயிரணுவைப் பற்றிப் பேசினார். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் பேசினார். கண்ணுக்கே தெரியாத இடத்தில் கதவு, காவல், சுழலும் இயந்திரம், பிழை பார்த்துத் திருத்த ஓர் ஏற்பாடு. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை என்றார்.

பிறகு கேட்டார். "மனசும் அவன் செஞ்சதுதானே அம்மா? அது போகாதேங்குது. அப்போ போகாதது என் குத்தமா?"

பிச்சம்மை அவர் பக்கத்தில் கிடந்த போனை எடுத்து நீட்டினாள்.

"இதை அப்படியே கோமதிகிட்ட சொல்லுங்க வாத்தியாரே."

அவர் வாங்கவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்றார். அவள் போனை அவர் மடியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் கோமதியே கூப்பிட்டாள். காய்ச்சல் ஏறி மத்தியானமே உயிர் போய்விட்டது என்றாள். அழவில்லை.

"தெளிவு கிடைச்சுதா அத்தான்?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

ஆவுடைநாயகம் பிச்சம்மையிடம் போனார். அன்றைய கேள்வி தீர்ந்துபோயிருந்தது. கேள்வி மாதிரி இல்லாமல் சொன்னார்: "எல்லாம் அவன் வகுத்தபடி நடந்துபோச்சு." ஆனாலும் பதிலுக்காக நின்றார்.

"அவன் நல்லாத்தான் வகுத்திருந்தான்" என்றாள் பிச்சம்மை. "அண்ணனும் தம்பியும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கல. எலும்புக்குள்ள மட்டும் ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சிருந்தான். பஸ் ஏறுறதை மட்டுந்தான் உங்ககிட்ட விட்டிருந்தான்."