பப்பாளித் தண்டில் போன சொல்

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பு. அந்தப் பக்கம் ஓர் இலுப்பைத்தோப்பு. புளியந்தோப்பில் பூவி என்ற அணில் இருந்தது. அதன் அக்கா வடிவு இலுப்பைத்தோப்பில் இருந்தது. இரண்டும் ஒரே பொந்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தவை.

பூவி அப்போதுதான் மூன்று குட்டி போட்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள். விட்டுவிட்டு நகர முடியாது. அக்கா ஒரு தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்று அது ஏங்கியது.

வருவதற்கு ஒரே ஒரு வழிதான். வாய்க்காலின் குறுக்கே ஒரு பனைமரம் விழுந்து கிடந்தது. மழை வந்தால் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு தை மாதம் வரை யாரும் கடக்க முடியாது.

சேதி சொல்ல வசதி இருந்தது. தோப்பு மிருகங்கள் பப்பாளி இலைத் தண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, வேலம்பிசின் பூசிக் குழாய் செய்திருந்தன. இந்த முனையில் பேசினால் அந்த முனையில் கேட்கும். முதலில் மரத்துக்கு மரம் ஒரே குழாயாகத்தான் ஓடியது. ஒரு நாள் குரங்கு அதில் ஊஞ்சல் ஆடியது. குழாய் நடுவில் முறிந்தது. தோப்பே ஊமையாகிவிட்டது!

"அடக் குரங்கே! நீ ஒருத்தன் ஆடினதுக்கு எங்க எல்லார் வாயும் போச்சே!" என்று முயல் கத்தியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குழாய் போட்டார்கள். எல்லாம் நடுவில் இருந்த பெரிய புளியமரத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று முறிந்தால் அந்த ஒரு வீட்டுக்குத்தான் கேட்காது. ஒரு குழாய் மட்டும் வாய்க்கால் வரை போனது. அங்கே பாறை மேல் ஒரு தவளை. இந்தக் கரையில் கேட்டதை அந்தக் கரைக் குழாயில் சொல்லும். அங்கே கேட்டதை இங்கே சொல்லும்.

நடு மரத்தில் மைனாவை உட்கார வைத்தார்கள்.

"எது யார் வீட்டுக் குழாய்னு எனக்கு எதுக்கு? வந்த சேதியை எல்லாக் குழாயிலும் கத்திடுவேன். உரியவங்க எடுத்துக்கட்டும்!" என்றது மைனா.

அப்படியே கத்தியது. நரிக்கு வயிறு சரியில்லை என்பது தோப்புக்கே தெரிந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இன்னும் மோசம். "முயல் பொண்ணு கிணத்துல விழுந்து கல்யாணமாம்!" என்று ஒரு நாள் கத்தியது. ஆமை கிணற்றில் விழுந்ததும், முயல் வீட்டுக் கல்யாணமும் ஒன்றாகிவிட்டன.

பூவிக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி. 'அக்கா, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு.' அதை மைனா எந்தக் குரலில் கத்துமோ என்று நினைத்தாலே அதற்கு வால் சுருங்கியது.

"என்ன பூவி, குழாயைப் பிடிச்சுக்கிட்டு அழுமூஞ்சியா நிக்கிறே? சொல்லேன், நாங்களும் கேக்கிறோம்!" என்று குரங்கு வேறு சிரித்தது.

பூவி அவசரமாகக் குழாயில் வாயை வைத்தது. "அக்கா, நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?"

"பூவி நல்லா இருக்காளாம்!" என்று தோப்பு அதிர மைனா கத்தியது.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "வடிவும் நல்லா இருக்காளாம்!"

இப்படியே இருபது நாள் போயிற்று. தினமும் பூவி நல்லா இருந்தது. தினமும் வடிவும் நல்லா இருந்தது.

இருபத்தோராம் நாள் ஈரக்காற்று அடித்தது. மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மரங்கொத்தியைக் கூப்பிட்டார்கள்.

"எனக்குக் கத்த வராதே" என்றது மரங்கொத்தி.

ஆனால் அதற்குக் கேட்க வந்தது. எந்தக் குழாயில் யார் குரல் வருகிறதோ, அந்தக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் அலகால் ஓர் அடையாளம் கொத்தி வைத்தது. முயலுக்கு ஒரு மாதிரி, நரிக்கு ஒரு மாதிரி. வாய்க்கால் குழாயின் பக்கத்தில் வடிவுக்கு ஒன்று. மூன்றே நாளில் எல்லாரையும் தெரிந்துகொண்டது. பிறகு எல்லாக் குழாய் வாயையும் இலை வைத்து அடைத்தது. யாராவது பேசினால் இலை அதிரும், அதைத் திறந்து கேட்டுக்கொள்ளும். யாருக்குச் சேதியோ அவர் குழாயை மட்டும் திறந்து சொன்னது.

"என்னப்பா, ஒண்ணுமே கேக்கலியே! தோப்புல எல்லாரும் செத்துட்டாங்களா?" என்று குரங்கு கேட்டது.

"உனக்கு ஒண்ணும் வரலே. வந்தா தர்றேன்" என்றது மரங்கொத்தி.

பூவி மெதுவாகக் குழாயில் கேட்டது. "அண்ணே, நான் சொல்றது யார் யாருக்குக் கேக்கும்?"

"உன் அக்காவுக்குத்தான், தங்கச்சி. நடுவுல எனக்கும் தவளைக்கும். எங்களுக்கு வேற வேலை கிடக்கு."

பூவி மூச்சை இழுத்துக்கொண்டு அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டது.

உடனே குழாயில் காதை வைத்துக்கொண்டது. அக்காவின் பதில் வந்தது. "அடிப் பாவி! இருபது நாளா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னியே! என்னைத் தேடவே இல்லைன்னு நினைச்சேன்டி. அந்த வீம்புலதான் நானும் நல்லா இருக்கேன்னேன். நாளைக்குக் காலையில வந்துடறேன்!"

பூவி பொந்தில் புதுப் பஞ்சு பரப்பியது. அக்காவுக்கென்று ஒரு கொய்யாத் துண்டை எடுத்து வைத்தது. குட்டிகளை நக்கி நக்கிச் சுத்தம் செய்தது.

காலையில் மழை பிடித்துக்கொண்டது. தவளையின் குரல் குழாயில் வந்தது.

"பூவி, பனைமரம் போயிட்டுது. உன் அக்கா அந்தக் கரையிலதான் நிக்கிறா. நனைஞ்சுக்கிட்டே நிக்கிறா."

பூவி கொய்யாத் துண்டைப் பார்த்தது. "வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. அவளுக்குச் சளி பிடிச்சுக்கும்" என்றது.

இருபது நாள் அந்த மரம் அங்கேயேதான் கிடந்தது.

இப்போது பூவியின் குட்டிகள் கண் திறந்துவிட்டன. சாயங்காலம் ஆனால் குழாயில் காதை வைத்துக்கொள்கின்றன.

"பெரியம்மா எங்கேம்மா?"

"இந்தக் குழாயோட அந்த முனையில."

சில நாள் அக்காளும் தங்கையும் ஒன்றும் பேசுவதில்லை. அக்கரையில் வடிவு சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று தவளை மட்டும் சொல்லும். சேதி ஏதும் இல்லாவிட்டாலும் மரங்கொத்தி அந்தக் குழாயை மட்டும் இலை வைத்து அடைப்பதில்லை. தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

மனதில் உள்ளதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்ல வேண்டியவருக்கு, வழி இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.