ஒட்டகப் பாறைக்கு எதிரே ஒரு மேடை

செண்பகவல்லி டீச்சருக்கு அன்று தலை சுற்றியது. அதற்கு வெயில் காரணமில்லை, அமலதாஸ்தான் காரணம்.

அமலதாஸ் கோவில்பட்டியில் புகைப்படக்கலை சொல்லித்தருபவர். டீச்சரின் மகன் வயதுதான் இருக்கும். ஆனாலும் காலமெல்லாம் பூகோளம் நடத்தி, ஓய்வு பெற்றபின் அவரிடம் மாணவியாகச் சேர்ந்த டீச்சர், அவரை வாய் நிறைய 'சார்' என்றுதான் கூப்பிடுவார். வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை எங்காவது கூட்டிப்போய், அவர்கள் எடுத்த படங்களை ஊரில் கண்காட்சியாக வைப்பது அமலதாஸின் வழக்கம். படத்துக்குக் கீழே பெயர் எழுதமாட்டார். எடுத்தவர் யாரென்று பார்ப்பவர்களே சொல்லவேண்டும்.

போன வருடம் டீச்சர் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய், ஒரு படத்தின் முன்னால் பெருமையாக நின்றார். அது கூடப் படிக்கும் மருந்துக்கடைக்காரர் எடுத்த படம். தன் படத்தையே தனக்குத் தெரியவில்லையே என்ற அவமானம் இன்னும் ஆறவில்லை. இந்த வருடமும் அப்படி ஆனால் கேமராவைப் பரணில் போட்டுவிடுவது என்ற முடிவோடுதான் ரயிலேறியிருந்தார்.

வடக்கே பாலைவனத்தில் ஒரு பூங்கா. பேருக்குத்தான் பூங்கா, உள்ளே புல்கூடக் கிடையாது. காற்று அரித்து அரித்து விதவிதமாக ஆக்கி வைத்த பாறைகள்தான் இருந்தன. அவற்றில் பேர்போனது ஒட்டகப் பாறை. அதற்கு எதிரே சிமெண்டில் மேடை கட்டி, 'இங்கே நின்று படம் எடுக்கவும்' என்று பலகையும் வைத்திருந்தார்கள். அங்கே நின்றால் கழுத்தும் திமிலும் அச்சாகத் தெரிந்தன. டீச்சர் வரிசையில் காத்திருந்து எடுத்தார்.

அமலதாஸ் கேமராவை வாங்கிப் பார்த்தார்.

"ஒட்டகம் நல்லா இருக்கு டீச்சர். பாறை எங்கே?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பாறைதானே வேண்டும் என்று மேடையை விட்டு இறங்கி, கல் முனையில் புடவை கிழியப் பின்பக்கம் போனார். அங்கே ஒட்டகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கரும்பலகையில் அவர் எத்தனையோ முறை வரைந்த மணற்கல் அடுக்குகள்தான் இருந்தன. நெருங்கிப்போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

"பாறை நல்லா இருக்கு. ஒட்டகம் எங்கே?"

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்படி மாற்றி மாற்றிப் பேசுகிற பையனை அவர் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

"ஒட்டகத்தைக் காட்டினா பாறையைக் கேக்கறீங்க, பாறையைக் காட்டினா ஒட்டகத்தைக் கேக்கறீங்க. எனக்கு ஒண்ணுமே புரியல சார்."

அமலதாஸ் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். டீச்சரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். மேடையோ பலகையோ இல்லாத ஓர் ஓரத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பாறை நின்றது. இதை எடுங்கள் என்றார் அமலதாஸ்.

இதற்கு என்ன பேர் என்று டீச்சர் கேட்டார். பேர் கிடையாதாம். ஆமையா, ஆந்தையா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கிட்டே போனார், தள்ளி வந்தார், குத்தவைத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எதை எடுத்தாலும் இன்னொன்று எங்கே என்று அமலதாஸ் கேட்டுவிடுவாரோ என்று விரல் பித்தானை அழுத்த மறுத்தது. வெயில் தாழ்ந்துவிட்டது. வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பப்போகிறோம் என்று டீச்சருக்குப் பயம் வந்துவிட்டது.

"நான் எங்கே நிக்கணும்னாவது சொல்லுங்க சார்."

"முதல் படத்தை அந்த மேடை எடுத்துச்சு டீச்சர். ரெண்டாவதை நான் எடுத்தேன். இதையும் நானே எடுக்கணுமா?"