துணியின் முன்பக்கம்

"ஒரே கனவுதான் அம்மா. விட்டுத் தொலைய மாட்டேங்குது" என்றார் ஏட்டு நாகலிங்கம்.

மதகடி அம்மா ஏரித் தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பானை, ஒரு பாய். அவ்வளவுதான் அவள் மடம்.

வயதைப் பார்த்தால் நாகலிங்கத்துக்கு மகள் மாதிரி. ஆனாலும் குரு அவள்தான், சீடன் இவர்தான். யாராவது கேலி செய்தால், "எனக்கு வாய்ச்சது அப்படி, உனக்கென்னய்யா வந்தது?" என்று கேட்டுவிடுவார்.

"என்ன கனவு ஏட்டய்யா?"

"எதிரே ஜனம். என் கையில பேனர் கம்பு. 'அதுல என்ன எழுதியிருக்கு?'ன்னு கூட்டத்திலிருந்து யாரோ கேக்கறாங்க. வாயைத் திறக்கறேன், வெறும் காத்துதான் வருது. எழுத்தெல்லாம் துணியை விட்டு இறங்கி எறும்பு மாதிரி வரிசையாப் போயிடுது."

நாகலிங்கம் கலவரத் தடுப்புப் படைக்காரர். அந்தப் படையில் கேடயம் பிடிக்க ஆள் உண்டு, லத்தி சுழற்ற ஆள் உண்டு, கண்ணீர்ப்புகை வீச ஆள் உண்டு, சுடவும் ஆள் உண்டு. இவருக்கு வாய்த்தது எச்சரிக்கைத் துணி. இரண்டு கம்பு, நடுவில் வெள்ளைத் துணி, துணியில் சிவப்பு எழுத்து. ஒரு கம்பு இவருக்கு, மற்றது ஜெபராஜுக்கு.

கூட்டம் அதைப் படிக்க வேண்டும், படித்துவிட்டுக் கலைய வேண்டும். கலையாவிட்டால் துப்பாக்கி பேசும். கூட்டம் படிப்பதற்கு முன்னால் ஒரு தோட்டாகூட வெளியே வரக்கூடாது என்பது அந்தப் படையின் கண்டிப்பான விதி.

இவர் துணி விரித்த இரண்டு ஊர்களில் சுட்டிருக்கிறார்கள்.

"நான் துப்பாக்கியைத் தொட்டவன் இல்லம்மா. கம்பு பிடிச்சவன். எனக்கு எதுக்கு இந்தக் கனவு?"

"அந்தத் துணியில என்னதான் எழுதியிருக்கு?"

"கலையாவிட்டால் சுடப்படும். அம்புட்டுதான்."

"படிச்சிருக்கீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க! மீசை கறுப்பா இருந்த காலத்திலிருந்து பிடிச்சிருக்கேன்."

"பிடிச்சதைக் கேக்கலை ஏட்டய்யா. படிச்சதைக் கேட்டேன்."

நாகலிங்கம் யோசித்தார். துணிக்குப் பின்னால்தானே அவர் எப்போதும் நிற்பார்? வெயில் அடித்தால் எழுத்துகள் துணி வழியே இடவலமாகத் தெரியும். அதை எவன் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பான்?

"படிச்சதில்லை" என்றார்.

"படிச்சுட்டு வாங்க. கனவைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவள் காலை ஆட்டினாள். ஏரி முழுக்க வட்டம் வட்டமாகப் போயிற்று.

அது என்ன பெரிய வேலையா என்று நீங்கள் கேட்பீர்கள். பெரிய வேலைதான். காரணமில்லாமல் அந்தத் துணியை விரித்தால் எங்கேயாவது கலவரம் வெடிக்கும் என்று படையில் ஒரு நம்பிக்கை. சுருட்டி, கயிறு கட்டி, வேனில் போட்டால் அதோடு சரி. கூட்டத்துக்கு முன்னால்தான் அவிழ்ப்பார்கள். அவிழ்க்கும்போது நாகலிங்கம் பின்னால் போய் நின்றுவிடுவார். கனவு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை, படைக்கு உத்தரவு வந்தது.

மதகை இடித்து ஏரியைத் தூர்த்துச் சாலை போடப் போகிறார்களாம். ஏரிப் பாசனத்துக்காரர்கள் கரைமேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்களாம்.

நாகலிங்கத்துக்குப் பகீரென்றது. "எந்த ஏரிங்க ஐயா?" என்று கேட்டார். கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

போய் இறங்கினால், கரை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. அப்படி ஒரு பனி. ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு இருமல், ஒரு குழந்தையின் கொலுசு, அவ்வளவுதான் அடையாளம். பனியே உட்கார்ந்து இருமுகிற மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியை எடுத்தார். அது ஈரத்தில் கொரகொரத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"சனியன்! பேனரை விரிங்கய்யா."

விரித்தார்கள்.

"ஒண்ணும் தெரியலையே!" என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "கிட்டக் கொண்டாங்க."

அந்தக் குரல் யாருடையது என்று நாகலிங்கத்துக்குத் தெரியாதா?

"போய்க் காட்டுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "படிச்சாச்சுன்னு ஒரு குரல் கொடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

நாகலிங்கமும் ஜெபராஜும் நடந்தார்கள்.

"இன்னும் கிட்ட."

நடந்தார்கள். திரும்பிப் பார்த்தால் படை இல்லை. கேடயங்கள் இல்லை, வேன் இல்லை. வெள்ளையாக ஒன்றுமே இல்லாத இடத்தில் இரண்டு ஆள், இரண்டு கம்பு. தன் கனவுக்குள் கால் வைத்துவிட்டோமோ என்று நாகலிங்கத்துக்கு ஒரு கணம் திகைப்பாக இருந்தது.

காலடியில் மதகடி அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கம்பளி போர்த்திய கிழவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்கள், சாப்பாட்டுத் தூக்கோடு ஆண்கள். கடைசி வரிசை பனியில் கரைந்திருந்தது.

"அம்மா, எழுந்து போயிடுங்க" என்றார் நாகலிங்கம். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"என்ன எழுதியிருக்கு ஏட்டய்யா? எங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. நீங்களே படிங்க."

பின்னாலிருந்து பார்த்தார். தலைகால் புரியவில்லை.

"இடவலமா இருக்கும்மா."

அவள் தனக்குப் பக்கத்தில் தரையைத் தட்டினாள். "இங்க வந்து படிங்க."

நாகலிங்கம் கம்பை ஈரக் கரையில் ஊன்றினார். அது நின்றது.

"ஏட்டய்யா, எங்க போறீங்க?" என்றான் ஜெபராஜ்.

சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். முழங்கால் மடக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தார். எழுத்துகள் எங்கும் போய்விடவில்லை. சிவப்பாக, பெரிதாக, நேராக நின்றன.

"நீங்கள்..." என்று ஆரம்பித்தார்.

குரல் அதோடு நின்றுவிட்டது.

இந்தப் பக்கம் ஒரு கிழவர் காது கொடுத்துக் காத்திருந்தார். அந்தப் பக்கம் அம்மா. துணிக்கு அப்பால் பனி. பனிக்கு அப்பால் பூட்ஸ் சத்தம் வரிசை கட்டியது. அப்புறம் துப்பாக்கிகளில் போல்ட் இழுக்கிற சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்கு அத்துப்படி. எத்தனையோ தடவை பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். எதிரிலிருந்து கேட்டதில்லை.

"நாகலிங்கம்!" என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். "படிச்சாச்சா?"

மதகடி அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பனிக்குள் தண்ணீர் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் ஏட்டு! படிச்சாச்சான்னு கேக்கறேன்!"

நாகலிங்கம் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார்.

"இல்லீங்கய்யா!" என்றார் உரக்க. "இன்னும் முதல் வார்த்தையிலேயேதான் இருக்கேன்!"