கூப்பிட்டால் வருகிறவள்

சாஃப்ட்வேர் கம்பெனியின் துணைத் தலைவர் தண்டபாணிக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்றே ஒன்று. சர்வரில் இந்த நிமிஷம் எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறப்பார். பட்டியலில் இல்லாத புரோகிராமை எழுதியவரைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் திட்டுவார்.

அன்று ஒப்பந்த ஊழியர் ஜெசிந்தா மாட்டினாள்.

"ஏம்மா, ஒன்பது புரோகிராம் எழுதினேன்னு சொன்னே. ஒண்ணுகூட ஓடலையே?"

"அதுங்க சும்மா ஓடாது சார். வாசல் காவலாளி மாதிரி வேற ஒரு புரோகிராம் எப்பவும் உட்கார்ந்திருக்கும். யாராவது வந்து கேட்டா, அதுதான் என்னோடதை எழுப்பிவிடும். என்னோடது பதில் சொல்லிட்டுப் போயிடும். சர்வருக்குப் பாரம் இல்லை."

தண்டபாணிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

"அப்போ நீயும் அப்படியே இரு. சும்மா உட்கார்ந்திருக்க எதுக்குச் சம்பளம்? கூப்பிட்டா வா, வந்த மணி நேரத்துக்கு வாங்கிக்கோ."

அறையே சிரித்தது. ஜெசிந்தா "சரி சார்" என்றாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம் சர்வர் படுத்துவிட்டது. காலையிலிருந்து வாடிக்கையாளர்கள் போனில் கிழித்தார்கள். தண்டபாணி ஜெசிந்தாவைப் பதினான்கு முறை கூப்பிட்டார். மத்தியானம், வேறொரு கம்பெனியின் கேன்டீனிலிருந்து அவள் போனை எடுத்தாள்.

"கூப்பிட்டா வரணும்னுதானே பேச்சு?"

"ஆமா சார். அந்தக் காவலாளி நாள் முழுக்க உட்கார்ந்து காது கொடுக்கிறதாலதான் என் புரோகிராம் கூப்பிட்டதும் வருது. நீங்கதான் சும்மா உட்கார்ந்திருக்கச் சம்பளம் கிடையாதுன்னுட்டீங்களே."