பறக்காத நாட்களின் லாக்புக்

பல்லாவரத்தில் ஒரு மாடி வீட்டில் மூன்று மடையர்கள் குடியிருந்தார்கள். கஜபதி, இன்னாசி, ரவூப். மூன்று பேரிடமும் விமானம் ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். கொடுத்தாயிற்று.

லைசென்ஸ் இருந்தது, வேலை இல்லை. கஜபதியின் சித்தப்பா ஆரணியில் பெயிண்டுக் கடை வைத்திருந்தார். "இந்த மாசத்துக்குள்ள வேலை கிடைக்கலைன்னா மரியாதையா கடைக்கு வந்து டப்பாவைக் குலுக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் ஒரு சின்ன விமானக் கம்பெனி கஜபதியை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது.

கம்பெனிப் பெண் போனில் விவரம் சொன்னாள். "சார், உங்க லாக்புக் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் பைலட் கையெழுத்துப் போட்டு, பைண்ட் பண்ணிக் கொண்டாங்க. இன்டர்வியூ தேதி வரைக்கும் இருக்கணும். நடுவுல எதுவும் விட்டுப்போகக் கூடாது."

லாக்புக் என்பது விமானி என்றைக்கு, எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம் பறந்தான் என்று எழுதிவைக்கும் ஏடு. பறந்தால் எழுத வேண்டும். பறக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூவரும் பாயில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நீ கடைசியாப் பறந்தது போன பொங்கலுக்கு முன்னாடி. அதுலேர்ந்து எல்லாமே விட்டுப்போயிருக்கேடா," என்றான் இன்னாசி.

"நான்தான் பறக்கவே இல்லையே," என்றான் கஜபதி.

"அந்தம்மா பறந்ததை எழுதுன்னா சொன்னாங்க? எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னாங்க."

ரவூப் கண்ணை மூடிக்கொண்டான். மூவரில் அவன்தான் அறிவாளி என்று பெயர். அந்த வீட்டுக்குள் மட்டும். "பறந்த நேரம் பூஜ்யம்னு போடு. உண்மையை எழுதறதுக்கு என்ன பயம்?"

நாளுக்கு ஒரு வரி எழுதினார்கள். புறப்பட்ட இடம் என்ற கட்டத்தைக் காலியாக விடலாமா? கட்டில் என்று போட்டார்கள். சேர்ந்த இடம்? அதுவும் கட்டில். ஆடி மாதம் ஒரு ராத்திரி கஜபதி கட்டிலிலிருந்து உருண்டு விழுந்திருந்தான். அதற்கு ஒரு விவாதம்.

"விழுந்தப்போ விளக்கு எரிஞ்சுதா?" என்று கேட்டான் ரவூப்.

"இல்ல."

"அப்ப இரவுத் தரையிறக்கம் ஒண்ணு. போடு."

பிரிண்ட் கடைக்காரர் கட்டில் கட்டிலாக வந்த காகிதங்களைப் பார்த்தார். "தம்பி, எந்த வேலைக்கு இது?" "பைலட் வேலைக்கு." அவர் காகிதங்களை அடுக்கிக் கொடுத்தார். மகளைப் பார்க்க பம்பாய் போக எடுத்திருந்த விமான டிக்கெட்டை அன்றே கேன்சல் செய்தார்.

அடுத்தது கையெழுத்து. பைலட் கையெழுத்து என்றால் பைலட்டாக இருக்கும்போது போட வேண்டும். பாயில் உட்கார்ந்திருப்பவன் பைலட்டா? மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கஜபதி விமானத்தில் கேப்டன் உட்காரும் இடது பக்கம் உட்கார்ந்து, வேட்டியால் இடுப்பை நாற்காலியோடு கட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். ரவூப் வலது பக்கம் உட்கார்ந்து காகிதம் நீட்டினான். காற்றடித்து நாலைந்து தாள்கள் பக்கத்து வீட்டுத் தென்னைக்குப் பறந்து போயின.

"எழுதுடா, எழுது! மாடி டு தென்னைமரம்!" என்று கத்தினான் இன்னாசி.

"பறந்தது நான் இல்லடா, பேப்பர்."

"லாக்புக் யாருது? உன்னுதுதானே?"

எழுதினார்கள். போன பக்கங்களை மறுபடி பிரிண்ட் எடுத்து, எல்லாவற்றையும் பைண்ட் செய்தார்கள்.

இன்டர்வியூவில் ஒரு கிழட்டு கேப்டன் உட்கார்ந்திருந்தார். புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி புரட்டினார்.

"என்னப்பா இது, கட்டில்?"

"பறக்காத நாள் சார்."

"தென்னைமரம்?"

"அது பறந்த நாள் சார்."

கேப்டன் கடைசி வரிக்கு வந்தார். "இன்னிக்கு மட்டும் ஏன் காலியா விட்டிருக்கே?"

"இன்னும் பொழுது இருக்கே சார். நீங்க வேலை குடுத்தா சாயங்காலமே பறந்துடுவேன்."

கேப்டன் ஏட்டை மூடினார். "இன்னிக்கும் பூஜ்யம் போட்டுக்கோ. இனிமே உனக்கு ஆயுசு பூரா பூஜ்யந்தான். எந்திரி, போ."

வாசலில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். "என்னடா சொன்னார்?"

"ஆயுசு பூரா பூஜ்யம் போடச் சொன்னார்."

"கேப்டன் உத்தரவு," என்றான் ரவூப். "மீறக் கூடாது."

"ஆயுசுன்னா எதுவரைக்கும்டா?"

"பைலட்டுக்கு அறுபத்தஞ்சு. அதுக்கு மேல ஓட்ட விடமாட்டாங்க."

உட்கார்ந்து எழுதினார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் கடைசிப் பூஜ்யத்தைப் போட்டதும் கஜபதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிஞ்சுபோச்சேடா!"

அந்த நேரம் பார்த்து ஆரணியிலிருந்து போன் வந்தது. "வேலை என்னாச்சுடா?" என்றார் சித்தப்பா.

"ரிட்டயர் ஆயிட்டேன் சித்தப்பா," என்றான் கஜபதி.

அன்று மாலையே பிரிவுபசார விழா. இன்னாசி மாலை போட்டான். ரவூப் போர்வையைச் சால்வையாகப் போர்த்தி, "இவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்று பேசினான். கஜபதி ஏற்புரைக்கு எழுந்தான்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல," என்றான், "பயணிங்க ஒருத்தர் மேலயாவது ஒரு கீறல் உண்டா? சொல்லுங்கடா!"

இருவரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.