கேள்விக்குறி போட்ட பொந்து

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பொந்து கொத்தித் தருவது மரங்கொத்தியின் வேலை. பொந்துகள் எல்லாம் ஒரே அச்சு. வாசலில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டுவைத்து, யார் குடிவருகிறார்களோ அந்த இனத்தின் பெயரை அங்கே கொத்தும். கிளிப் பொந்தில் கிளியைத் தவிர யாரையும் விடாது. அதில் அது ரொம்பக் கறார்.

ஒரு வருஷம் அடைமழை பிடித்துக்கொண்டது. தரையில் கூடு கட்டுகிற கௌதாரி தன் ஐந்து குஞ்சுகளுக்கு ஒரு பொந்து கேட்டு வாங்கியது. வாசலில் 'கௌதாரி' என்று மரங்கொத்தி கொத்தியது. ஆனால் மழைக்காலத்தில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிவந்த மைனாவுக்கு இத்தனை இனத்தின் பெயரும் படிக்கத் தெரியாது. தெரியாத பெயரானால், 'பறவை' என்றாவது இருந்தால்தான் ஊட்டும். மழையில் தாய்க்கும் இரை கிடைக்காமல், கௌதாரிக் குஞ்சுகள் இரண்டு நாள் பட்டினி கிடந்தன. பெற்ற வயிறு தாங்குமா?

கௌதாரியும் பறவைதானே, வாசலில் 'பறவை' என்று மாற்றிவிடுங்கள் என்று அது கெஞ்சியது. மரங்கொத்திக்கும் அதில் தப்பு தெரியவில்லை, மாற்றியது. மைனா வந்து ஊட்டியது. குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்க, தாய் நிம்மதியாக இரை தேடப் போனது.

மத்தியானம் பருந்து ஒன்று நனைந்து நடுங்கிக்கொண்டு வந்து, ஒதுங்க இடம் கேட்டது. மரங்கொத்தி வாசலைப் படித்தது. இது பறவைப் பொந்து, பருந்தும் பறவை. விதிப்படி எல்லாம் சரி. உள்ளே விட்டுவிட்டது.

தாய் திரும்பியபோது பொந்தில் பருந்து மட்டும்தான் இருந்தது.

எழுதியிருந்ததைப் பார்த்துத்தானே விட்டேன் என்று மரங்கொத்தி அழுதது.

"உங்கள் மேல் தப்பில்லை அண்ணே," என்றது கௌதாரி. "கௌதாரி பறவைதான். அதற்காகக் கௌதாரிப் பொந்து பறவைப் பொந்து ஆகிவிடாது. அது தெரியாமல் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்."

இன்னொரு தாய்க்கு இது வரக்கூடாது என்று அது புதுக் குறி ஒன்று கொத்தச் சொன்னது. வளைந்த கோடு, கீழே ஒரு புள்ளி. உள்ளே ஏதோ ஒரு பறவையினம் இருக்கிறது, எது என்று தெரியாது என்பது அதன் பொருள். உள்ளே இருப்பது எதுவானாலும் பறவைதான் என்று நம்பி ஊட்டலாம். புதிதாக எதையும் உள்ளே விடக்கூடாது.

வழிதவறிய கௌதாரிக் குஞ்சு வந்தால்கூடவா அக்கா, என்று மைனா கேட்டது.

"என் பிள்ளையாகவே இருந்தாலும் விடாதே. உள்ளே இருப்பது யாரென்று உனக்குத் தெரியாது."

அன்று தொட்டுத்தான், ஜாவா என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் கேள்விக்குறி போட்டு வாங்கிய பட்டியலில் இருப்பதை எடுத்துப் படிக்கலாம், சேர்க்கப் போனால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் மறித்துவிடுகிறது. அதற்குள் வைக்க முடிவது null என்கிற வெறுமை ஒன்றைத்தான்.